அஷ்டமி, நவமி, ஜூலை 1

தைப்பூசம் நெருங்கிவிட்டது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் பந்தல் போட ஆரம்பித்துவிட்டார்கள். இந்த நேரத்தில் எனக்கு வரும் கடிதங்கள் வழக்கமாகப் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை பற்றித்தான் இருக்கும். இந்த முறை பாதிக்கு மேல் மாணவர் விசா. அதனால் 2026இன் இந்த முதல் பக்கத்தை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் வக்கீல் இல்லை, ஏஜெண்டும் இல்லை. 1986இல் பினாங்கு லெபோ பாசாரில் ஐந்தடி நடைபாதையில் ஒரு பழைய தட்டச்சு இயந்திரத்தோடு உட்கார்ந்தவன். கடப்பிதழ் பாரம், குடியுரிமை மனு, குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்களின் முறையீடு என்று நாற்பது வருடமாக அடுத்தவர் பாரத்தை நிரப்பியே பிழைத்தேன். இப்போது கடையை மகள் பார்க்கிறாள். எல்லாம் கணினியில். தட்டச்சு இயந்திரம் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது, துடைப்பதற்கு மட்டும் வெளியே வரும்.

கேள்வி: மகனுக்கு மெல்பர்னில் இடம் கிடைத்திருக்கிறது, ஜூலை சேர்க்கை. ஏஜெண்ட் கொடுத்த துண்டுத்தாளில் மாணவர் விசா 710 டாலர் என்று இருக்கிறது. என் மைத்துனர் தன் மகளுக்கு 1,600 கட்டினேன் என்கிறார். புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்த செய்தி 2,000 என்கிறது. இதில் யார் பொய் சொல்கிறார்கள்?
— ஒரு தந்தை, பட்டர்வொர்த்

பதில்: யாருமே பொய் சொல்லவில்லை ஐயா. மூன்றும் உண்மை, தேதிதான் வேறு. 2024 ஜூன் வரை 710 ஆஸ்திரேலிய டாலர். 2024 ஜூலை 1 முதல் 1,600. 2025 ஜூலை 1 முதல் 2,000. உங்கள் மைத்துனர் நடுவில் கட்டியிருக்கிறார், அவ்வளவுதான். ஏஜெண்ட் கொடுத்த தாளில் அச்சடித்த தேதி இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். இல்லையென்றால் அதில் கச்சான் மடிக்கலாம்.

இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு வெள்ளிக்கிழமை ஞாபகம் வருகிறது. 2024 ஜூன் 28. ஒரு பையனின் ஆஸ்திரேலிய விண்ணப்பம் எங்கள் கடையில் முழுக்கத் தயார். எல்லாச் சான்றிதழும் ஏற்றியாகிவிட்டது, பணம் கட்டும் பொத்தானை அமுக்க வேண்டியதுதான் பாக்கி. பையனின் பாட்டி கூடவே வந்திருந்தார். கையில் நாட்காட்டி. "இன்றைக்கு அஷ்டமி பிடிக்கிறது, அப்புறம் நவமி. ஞாயிறு போகட்டும், திங்கட்கிழமை நல்ல நேரம் பார்த்துக் கட்டலாம்" என்றார். நான் மெதுவாகச் சொன்னேன்: "அம்மா, திங்கள் ஜூலை 1. அவர்களுடைய நிதியாண்டு அன்றைக்குத்தான் பிறக்கிறது, வருடா வருடம் அன்றைக்கு விசாக் கட்டணம் ஏறும்." பாட்டி கேட்டார், "எவ்வளவு ஏறும்?" பத்து இருபது டாலர் ஏறலாம் என்றேன். அதுதான் நான் செய்த தப்பு. பத்து டாலருக்காக நவமியில் யார் கட்டுவார்கள்?

திங்கட்கிழமை நல்ல நேரத்தில் வந்து உட்கார்ந்தார்கள். திரையில் 1,600. நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றியதைப் பெரிதாக அறிவித்ததே அன்றைக்குத்தான். வித்தியாசம் 890 டாலர், அப்போதைய மதிப்பில் ஏறக்குறைய 2,800 வெள்ளி (ரிங்கிட்). பாட்டி ஒன்றும் பேசவில்லை. தன் முந்தானையில் முடிந்து வைத்திருந்த காசில் கொஞ்சம் எடுத்து மகனிடம் கொடுத்தார். எனக்குத்தான் அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

ஆகவே ஐயா, உங்கள் மகனின் சேர்க்கை ஜூலையில் என்றால் ஜூன் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். கல்லூரியின் சேர்க்கை உறுதிப் பத்திரம் கைக்கு வந்ததும் பாரத்தைப் போடுங்கள். இன்னொன்று, நம் கடிகாரத்தை நம்பாதீர்கள். ஜூலையில் கான்பெரா நம்மைவிட இரண்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. பினாங்கில் ஜூன் 30 இரவு பத்து மணி என்றால் அங்கே ஜூலை பிறந்துவிட்டது.

கட்டணத்தைவிடப் பெரிய விஷயம் கையிருப்பு. ஒரு வருட வாழ்க்கைச் செலவுக்கு 29,710 ஆஸ்திரேலிய டாலர் இருப்பதை நிரூபிக்க வேண்டும். 2024 மே 10 முதல் இந்தத் தொகை. அதற்கு ஏழு மாதம் முன்பு 24,505 ஆக்கியிருந்தார்கள், அதுவும் போதவில்லை போல. இதோடு படிப்புக் கட்டணமும் பயணச் செலவும் தனி. இந்தப் பணத்தை யாருக்கும் கட்டத் தேவையில்லை, இருக்கிறது என்று காட்டினால் போதும். ஆனால் வட்டிக்கு வாங்கிக் கணக்கில் போட்டு, காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் நம்மிடையே இருக்கிறது. வேண்டாம். திடீரென்று வந்து விழுந்த பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டியது உங்கள் மகன், வட்டிக்காரர் இல்லை.

அப்புறம், 2024 மார்ச் 23 முதல் "உண்மையான மாணவர்" என்று ஒரு பகுதி வந்திருக்கிறது. ஏன் இந்தப் படிப்பு, ஏன் ஆஸ்திரேலியா, படித்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் 150 சொல்லுக்குள் பதில். இதை மகனே எழுதட்டும், ஆங்கிலம் கொஞ்சம் நொண்டினாலும் பரவாயில்லை. என் சொந்த வீட்டுக் கதையைச் சொல்கிறேன். என் தங்கை மகன் சமையற்கலை படிக்க விண்ணப்பித்தான். மாமா ஐந்தடியில் உட்கார்ந்தவர், ஏஜெண்டுக்குக் குளிர்சாதன அலுவலகம் இருக்கிறது என்று அங்கே போனான். அந்த ஏஜெண்ட் வேறு யாருக்கோ எழுதிய பதிலை அப்படியே ஒட்டியிருக்கிறார். அதில் "மருத்துவமனை நிர்வாகத்தில் எனக்குச் சிறு வயதிலிருந்தே ஆர்வம்" என்று ஒரு வரி. விசா மறுத்துவிட்டார்கள், கட்டிய பணம் திரும்பவில்லை. பாரத்தின் கடைசியில் கையெழுத்து யாருடையது? என் தங்கை மகனுடையது. படித்துப் பார்க்காமல் போட்டிருக்கிறான். ஏஜெண்டின் பெயர் அந்தப் பாரத்தில் கண்ணில் படுகிற இடத்தில்கூட இல்லை.

முதலில் சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அந்த வழி 2024 ஜூலை 1இல் அடைத்தாகிவிட்டது. வேலை, பாடம் நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். அதை வைத்துப் படிப்புக் கட்டணம் கட்டிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போய்விடும்.

கேள்வி: எனக்கு 48 வயது. மகள் படிப்புக்கு ஊழியர் சேமநிதியிலிருந்து எடுக்க முடியுமா? எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்று நண்பர் சொல்கிறார்.
— தொழிற்சாலை மேற்பார்வையாளர், சுங்கைப்பட்டாணி

பதில்: எல்லாவற்றையும் முடியாது. 2024 மே 11 முதல் உங்கள் கணக்கு மூன்றாகப் பிரிந்திருக்கிறது. மாதச் சந்தாவில் 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்கில் போகும், அதைத் தொட முடியாது. 15 விழுக்காடு செஜாத்ரா கணக்கு, பிள்ளைகளின் படிப்புக் கட்டணத்துக்கு அதிலிருந்து விண்ணப்பிக்கலாம். மீதி 10 விழுக்காடு பிளெக்சிபல், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். நண்பரை உங்கள் வயதையும் என் வயதையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். ஓய்வுக்காலம் அவர் நினைப்பதைவிடச் சீக்கிரம் வருகிறது.

கேள்வி: மகள் இங்கிலாந்தில் லீட்சில் ஒரு வருட முதுகலை படிக்கப் போகிறாள். விசாவோடு சுகாதாரக் கட்டணம் என்று ஆயிரத்துக்கு மேல் பவுண்டு கேட்கிறது. இங்கேயே நல்ல மருத்துவக் காப்பீடு எடுத்துக் கொடுத்தால் அதைக் கட்டாமல் விடலாமா? ஒரு வருடப் படிப்புக்கு ஏன் ஒன்றரை வருடத்துக்குக் காசு?
— ஒரு அம்மா, பிறை

பதில்: கட்டாமல் விட முடியாது அம்மா. அது காப்பீடு இல்லை. அந்த நாட்டு அரசாங்க மருத்துவச் சேவைக்காக விசாவோடு சேர்த்து வாங்குகிற கட்டணம். நீங்கள் எவ்வளவு பெரிய காப்பீடு எடுத்தாலும் அது தனி. மாணவர்களுக்கு வருடத்துக்கு 470 பவுண்டாக இருந்தது, 2024 பிப்ரவரி 6இல் 776 ஆனது.

ஒன்றரை வருடக் கணக்கு இப்படி. ஒரு வருடப் படிப்பு என்றாலும் விசா படிப்புக்கு முன்னால் ஒரு மாதம், பின்னால் நான்கு மாதம் வரை சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஒரு வருடத்துக்கு மேல் மிச்சம் உள்ளது ஆறு மாதத்துக்குள் என்றால் அதற்குப் பாதிக் கட்டணம், 388. ஆக 776ம் 388ம் சேர்ந்து 1,164 பவுண்டு. விசாக் கட்டணம் 2025 ஏப்ரல் 9 முதல் 524. மொத்தம் 1,688. ஒரு பவுண்டு ஐந்து வெள்ளிக்கு மேல், பெருக்கிப் பாருங்கள். மனதுக்கு ஆறுதலாக ஒன்று சொல்கிறேன், விசா மறுக்கப்பட்டால் சுகாதாரக் கட்டணம் திரும்பி வரும். 524 வராது.

இங்கிலாந்துக்காரர்கள் கட்டணத்தை ஏற்றுவது பெரும்பாலும் ஏப்ரலில். படிப்பு தொடங்க ஆறு மாதம் முன்பிருந்தே வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கலாம். ஆனால் செப்டம்பர் படிப்புக்கு ஏப்ரலுக்கு முன் போட வேண்டுமென்றால் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை எண் மார்ச் கடைசிக்குள் வர வேண்டும். பெரும்பாலும் வராது. அதற்காக அவர்களோடு சண்டை போடாதீர்கள், சில பத்துப் பவுண்டு விஷயம்தான். பாட்டியிடமும் இப்படித்தான் சொன்னேன் என்பது ஞாபகம் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

கையிருப்பு, லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்கு 10,539. லண்டன் என்றால் மாதம் 1,529. 2025 நவம்பர் 11 முதல் இந்த அளவு. தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும், ஒரு நாள் குறைந்தாலும் எண்ணிக்கை முதலிலிருந்து. மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் சாதாரணமாக வங்கி அறிக்கையை விண்ணப்பத்தோடு அனுப்பத் தேவையில்லை. இதைக் கேட்டதும் பலர் பணமே தேவையில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம், கேட்டால் காட்ட வேண்டும். காசநோய்ப் பரிசோதனையும் நமக்குக் கட்டாயம், அவர்கள் அங்கீகரித்த கிளினிக்கில் மட்டும். பக்கத்துத் தெரு டாக்டர் எழுதிக் கொடுத்தது செல்லாது.

கேள்வி: தம்பி 2025 செப்டம்பரில் இங்கிலாந்துக்கு முதுகலை படிக்கப் போனான். படித்து முடித்து இரண்டு வருடம் வேலை செய்யலாம் என்று நம்பிக் கடன் வாங்கினோம். இப்போது 18 மாதம் என்கிறார்களே?
— ஓர் அக்காள், ஈப்போ

பதில்: இங்கேயும் தேதிதான். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு 18 மாதம். அதற்கு முன் விண்ணப்பித்தால் இரண்டு வருடம். முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கு மூன்று வருடம், அது மாறவில்லை. உங்கள் தம்பி எப்போது படிக்கப் போனான் என்பது கணக்கில்லை, வேலை விசாவுக்கு எந்த நாளில் விண்ணப்பிக்கிறான் என்பதுதான் கணக்கு.

அவன் 2026 செப்டம்பரில் ஆய்வேட்டைக் கொடுப்பான் என்று வைத்துக்கொள்வோம். முடிவு நவம்பரில் வரலாம், டிசம்பரிலும் வரலாம். படிப்பை வெற்றிகரமாக முடித்தான் என்று பல்கலைக்கழகம் அரசாங்கத்துக்குத் தெரிவித்த பிறகுதான் அவன் விண்ணப்பிக்க முடியும். அங்கே கிறிஸ்துமசுக்கு அலுவலகம் மூடிவிடுவார்கள். ஆகவே தம்பியிடம் இப்போதே சொல்லுங்கள், ஆய்வேட்டுக்கு நீட்டிப்புக் கேட்கக் கூடாது, ஒரு பாடத்தில்கூட மறுதேர்வு வைத்துக்கொள்ளக் கூடாது, முடிவு எந்த வாரத்தில் வரும், எந்த வாரத்தில் அரசாங்கத்துக்குத் தெரிவிப்பார்கள் என்று மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வைக்க வேண்டும். விண்ணப்பிக்கும் நாளில் அவன் இங்கிலாந்துக்குள் இருக்க வேண்டும். தீபாவளிக்கு வருகிறேன் என்றால் வரட்டும், ஆனால் மாணவர் விசா முடிவதற்குள் திரும்பிவிட வேண்டும். கட்டணம் இப்போதைக்கு 880 பவுண்டு, சுகாதாரக் கட்டணம் இந்த விசாவுக்கு வருடம் 1,035, இரண்டு வருடத்துக்கு 2,070. ஏறக்குறைய மூவாயிரம் பவுண்டு கையில் இருக்க வேண்டும். கடன் கணக்கில் இதைச் சேர்த்தீர்களா? பெரும்பாலான வீடுகளில் சேர்ப்பதில்லை.

கேள்வி: பாயான் லெப்பாசில் சிப் தொழிற்சாலையில் ஐந்து வருடம் வேலை செய்தேன். அமெரிக்காவில் முதுகலை படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அமெரிக்க விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் என்று கேள்விப்பட்டு அப்பா சாப்பிடுவதையே குறைத்துவிட்டார்.
— ஒரு பொறியாளர், பினாங்கு

பதில்: அப்பாவை நன்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள் தம்பி. அந்த ஒரு லட்சம் மாணவர் விசாவுக்கு இல்லை. எச்-1பி என்ற வேலை விசாவுக்கு, 2025 செப்டம்பர் 19இல் அமெரிக்க அதிபர் கையெழுத்திட்ட ஆணை, 21இலிருந்து நடப்பு. புதிதாக ஆளைக் கூப்பிடும் நிறுவனம் கட்ட வேண்டியது. அங்கேயே மாணவராக இருந்துகொண்டு வேலை விசாவுக்கு மாறுகிறவர்களுக்கு அது பொருந்தாது என்று அக்டோபர் 20இல் விளக்கம் வந்தது. ஒரு வகையில் உங்களைப் போல அங்கே படிக்கப் போகிறவருக்கு இங்கிருந்து நேராக வேலைக்குப் போகிறவரைவிட நிலைமை தேவலை. ஆனால் ஆணையில் வந்தது ஆணையில் மாறும். அதை நம்பி வீட்டை அடகு வைக்காதீர்கள்.

நீங்கள் இப்போது கட்ட வேண்டியது செவிஸ் என்கிற மாணவர் பதிவுக் கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பம் 185. இவை தவிர 250 டாலர் புதுக் கட்டணம் ஒன்று 2025 ஜூலை 4இல் கையெழுத்தான சட்டத்தில் இருக்கிறது. அதையும் எடுத்து ஓரமாக வையுங்கள். படித்து முடித்தபின் பயிற்சி வேலைக்கு 12 மாதம், அறிவியல், பொறியியல் துறை என்றால் மேலும் 24 மாதம்.

சிங்கப்பூர்க்காரர்களுக்கு எச்-1பி1 என்று தனியாக வருடத்துக்கு 5,400 இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், வணிக ஒப்பந்தத்தால் கிடைத்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற நமக்கு அது இல்லை. நமக்குப் பொதுக் குலுக்கல்தான்.

விண்ணப்பத்தில் ஐந்து வருடத்துச் சமூக ஊடகக் கணக்குப் பெயர்களைக் கேட்பார்கள். 2025 ஜூன் முதல் மாணவர்கள் அவற்றைப் பொதுவில் திறந்து வைக்க வேண்டும். ஒரு பையன் என்னிடம், "மாமா, பழைய கணக்கை எழுதாமல் விட்டால் தெரியவா போகிறது?" என்று கேட்டான். தெரியலாம், தெரியாமலும் போகலாம். ஆனால் மறைத்தது தெரிந்தால் அந்தப் பொய் உங்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டு அடுத்த விண்ணப்பத்திலும் வரும். மீம்ஸ் போட்டதற்காகப் போகும் விசாவைவிட மறைத்ததற்காகப் போகும் விசா மோசம்.

கேள்வி: ஐயா, நான் தமிழ்நாட்டிலிருந்து கோலாலம்பூர் வந்து தனியார் கல்லூரியில் படிக்கிறேன். வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம் என்று ஊரில் ஏஜெண்ட் சொன்னார். இப்போது இரவில் ஓர் உணவகத்தில் வேலை பார்க்கிறேன். போன தவணையிலிருந்து கட்டணச் சீட்டில் ஆறு விழுக்காடு கூடுதலாக இருக்கிறது. கல்லூரி ஏமாற்றுகிறதா?
— ஒரு மாணவர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: தம்பி, முதலில் இரண்டாவது கேள்வி. கல்லூரி ஏமாற்றவில்லை. 2025 ஜூலை 1 முதல் தனியார் உயர்கல்விக் கூடங்களில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களின் கட்டணத்துக்கு 6 விழுக்காடு சேவை வரி. 20,000 வெள்ளிக் கட்டணத்துக்கு 1,200. பக்கத்தில் உட்கார்ந்து படிக்கும் மலேசியப் பையனுக்குக் கிடையாது. நீங்கள் ஊரில் கணக்குப் போட்டு வந்தபோது அது இல்லை, அதனால் வலிக்கத்தான் செய்யும். வரி என்று தனியாகக் காட்டிய ரசீதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்குத்தான் எனக்குக் கை நடுங்குகிறது. ஏஜெண்ட் சொன்னதில் 20 மணி நேரம் என்பது உண்மை. அவர் விழுங்கிய மீதியைச் சொல்கிறேன். தவணை விடுமுறையிலும், ஏழு நாளுக்கு மேற்பட்ட விடுமுறையிலும் மட்டும்தான். அதுவும் கல்லூரி வழியாகக் குடிநுழைவுத் துறையில் விண்ணப்பித்து அனுமதி வாங்கிய பிறகு. உணவகம், பெட்ரோல் நிலையம், சிறு கடை, ஹோட்டல் என்று குறிப்பிட்ட இடங்கள். அங்கேயும் கல்லாவில் உட்காரக் கூடாது. பாடம் நடக்கும் மாதத்தில் இரவில் தட்டுக் கழுவுவதும் பரோட்டா வீசுவதும் இந்த அனுமதிக்குள் வராது.

சோதனைக்கு வந்தால் முதலாளி அபராதம் கட்டிவிட்டு மறுநாள் கடை திறப்பார். உங்கள் மாணவர் பாஸ் போகும், படிப்பு போகும். "தமிழர் கடைதானே, பார்த்துக்கொள்வார்கள்" என்று நினைக்காதீர்கள். நான் அப்படி நினைத்தவர்களின் முறையீட்டுக் கடிதங்களைத் தட்டச்சு செய்தவன். அவற்றில் எதற்குமே நல்ல பதில் வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

பாஸ் புதுப்பிக்க வகுப்பு வருகை 80 விழுக்காடும் சராசரிப் புள்ளி 2.0வும் பார்ப்பார்கள். இரவெல்லாம் நின்று வேலை செய்துவிட்டுக் காலை எட்டு மணி வகுப்புக்கு எப்படிப் போகிறீர்கள்? வேலையை இந்த வாரமே நிறுத்துங்கள். கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் பிரிவுக்குப் போய், கட்டணத்தைத் தவணையாகப் பிரித்துக் கட்ட முடியுமா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. அடுத்த நீண்ட விடுமுறைக்கான வேலை அனுமதிக்கும் அங்கேயே இப்போதே எழுதிக் கொடுங்கள். வீட்டிலும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அப்பா அம்மா இரண்டு நாள் கோபப்படுவார்கள், அப்புறம் எப்படியாவது வழி தேடுவார்கள்.

கேள்வி: காரைக்குடியிலிருந்து என் அண்ணன் மகன் இங்கே படிக்க வருகிறான். இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று இருக்கிறதே, அப்படியே வந்து கல்லூரியில் சேர்ந்துவிடலாமா?
— கிள்ளான் வாசகி

பதில்: கூடாது. அந்த 30 நாள் சலுகை சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு, 2026 கடைசி வரை. படிக்க வருபவன் கல்லூரி வழியாக அனுமதிக் கடிதம் வந்த பிறகு அதற்குரிய நுழைவு விசாவோடுதான் விமானம் ஏற வேண்டும். மின்னியல் வருகை அட்டையை வருவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் நிரப்பச் சொல்லுங்கள். அது இலவசம். காசு கேட்கும் இணையப்பக்கம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள்.

கேள்வி: கனடா?
— ஒரே சொல்லில் கேட்டவர், சிரம்பான்

பதில்: நானும் சுருக்கமாகவே சொல்கிறேன். தனி ஆளுக்கு வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டிய பணம் 2023 வரை 10,000 கனடிய டாலர், 2024இல் 20,635, 2025 செப்டம்பர் 1 முதல் 22,895. படிக்கும்போது வாரம் 24 மணி நேரம் வெளியே வேலை செய்யலாம். 2024இலிருந்து மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்து மாகாணச் சான்றுக் கடிதம் கேட்டார்கள். அரசுப் பல்கலைக்கழகங்களில் முதுகலை, முனைவர் படிப்புக்குப் போகிறவர்களுக்கு இந்த ஜனவரி 1 முதல் அந்தக் கடிதம் தேவையில்லை. நீங்கள் என்ன படிக்கப் போகிறீர்கள் என்று எழுதியிருந்தால் இன்னும் சொல்லியிருப்பேன்.

கேள்வி: ஏன் எல்லா நாடும் மாணவர்கள் தலையிலேயே கை வைக்கிறது? கேட்பாரே இல்லையா?
— கோபத்தில் ஒரு தகப்பன், செந்தூல்

பதில்: கேட்பார் இல்லைதான். ஆஸ்திரேலியாவில் 2025 தேர்தல் நடந்தபோது நான் வேடிக்கை பார்த்தேன். ஆளும் கட்சி மாணவர் விசாவை 2,000 டாலர் ஆக்குவோம் என்றது. எதிர்க்கட்சி 2,500 என்றது, பெரிய எட்டுப் பல்கலைக்கழகங்களுக்குப் போகிறவர்களுக்கு 5,000 என்றது. ஏலம் விட்ட மாதிரி இருந்தது. வீட்டு வாடகை ஏறிவிட்டது என்று உள்ளூர் மக்கள் கோபமாக இருந்தார்கள், அவர்களுக்கு யாரையாவது கைகாட்ட வேண்டும். கட்டப்போகிற பிள்ளைகள் யாருக்கும் அங்கே ஓட்டு இல்லை. நம் நாட்டுச் சேவை வரியும் அந்தப் பிரிக்பீல்ட்ஸ் தம்பியைக் கேட்டுப் போட்டதில்லையே. உங்கள் கோபம் நியாயம். ஆனால் நீங்கள் கடிதத்தில் எழுதியிருக்கிற மாதிரி "இனி விதியை மதிக்க மாட்டேன்" என்று இறங்கினால் நஷ்டம் உங்கள் பிள்ளைக்கு.

கேள்வி: பேரனுக்கு ஜூனில் ஆஸ்திரேலியாவுக்குப் பாரம் போடப் போகிறோம். உங்கள் பக்கத்தைப் படித்தால் நாள் நட்சத்திரம் பார்க்கக் கூடாது என்கிற மாதிரி இருக்கிறது. அப்படியா சொல்கிறீர்கள்?
— ஒரு பாட்டி, ஆயர் ஈத்தாம்

பதில்: ஐயையோ, நான் அப்படிச் சொல்லவில்லை அம்மா. தாராளமாகப் பாருங்கள். இந்த வருடம் ஜூலை 1 புதன்கிழமை. அதற்கு முன்னால் ஜூன் முழுக்க நல்ல நாள் எத்தனையோ இருக்கிறது, அதில் உங்களுக்குப் பிடித்ததை எடுங்கள். கடைசி வாரத்தை மட்டும் எனக்காக விட்டுவிடுங்கள். மற்றபடி நானும் ராகு காலத்தில் யாருக்கும் பணம் கட்டும் பொத்தானை அமுக்குவதில்லை. ஒன்றரை மணி நேரம்தானே, அதற்குள் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வரலாம்.